'த கிவர்' நாவலும் எங்கள் வீட்டில் சொல்லாத ஒரு பெயரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த நாவலைப் படித்து ஒரு வருடம் ஆகிறது. அலுவலகத்திலும் உறவினர் வீட்டிலும் மகளின் தோழிகளுடைய அம்மாக்களிடமும் யாரிடம் பேசினாலும் பேச்சு எப்படியோ இதில் வந்து நிற்கிறது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை எடுத்து இங்கே பதில் எழுதுகிறேன். முடிவு உட்பட முழுக் கதையும் வருகிறது. படிக்கும் எண்ணம் இருந்தால் நாவலை முடித்துவிட்டு வாருங்கள், அதுதான் நல்லது.

எந்த நாவல்? யார் எழுதியது?

'த கிவர்'. கொடுப்பவர் என்று பொருள். அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லோரி எழுதி 1993-இல் வெளிவந்தது. சிறுவர் இலக்கியத்துக்கு அமெரிக்காவில் தரும் பெரிய பரிசான நியூபெரி பதக்கம் 1994-இல் இதற்குக் கிடைத்தது. மொத்தம் 23 அத்தியாயங்கள், 180 பக்கம் போல வரும். எளிய ஆங்கிலம். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளை அகராதி இல்லாமல் படித்துவிடும்.

டிஸ்டோபியா என்கிறார்களே, அது என்ன?

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும், உள்ளே போனால் மனிதர் மூச்சுவிட முடியாத ஒரு கற்பனைச் சமூகம். அதைப் பற்றிய கதைக்கு அந்தப் பெயர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஜோனஸுக்குப் பதினொரு வயது. அவன் வாழும் ஊரில் பசி இல்லை, சண்டை இல்லை, மழை வெயில் தொந்தரவும் இல்லை. 'ஒரேமாதிரி' என்பதுதான் அவர்களுடைய கொள்கை. மலைகளைக் கூடத் தட்டையாக்கிவிட்டார்கள். நிறங்களையும் எடுத்துவிட்டார்கள், அது அங்கே யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை, ஒரு பெண்பிள்ளை. அந்தப் பிள்ளைகளைப் பெறுவது வேறு பெண்கள். மூன்று பிள்ளை பெற்றதும் அந்தப் பெண்களை உடலுழைப்பு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒன்பது வயதில் சைக்கிள், பன்னிரண்டில் வேலை. எந்த வேலை என்பதை மூத்தோர் குழு முடிவு செய்யும்.

ஜோனஸுக்குக் கிடைப்பது யாருக்கும் கிடைக்காத வேலை. ஊர் மறந்துபோன எல்லாவற்றையும், போர், பசி, பனி, வெயில், பாட்டு என அத்தனையையும் தன் ஒரே மனதுக்குள் வைத்திருக்கிறார் ஒரு கிழவர். அதை அவர் ஜோனஸின் முதுகில் கை வைத்து அவனுக்குள் செலுத்த வேண்டும். இனிமேல் அவன்தான் சுமப்பவன். முதல் நினைவு பனிச்சரிவில் சறுக்குவண்டி ஓட்டுவது. பிறகு வெயில், அப்புறம் வெயிலின் சூடு தோலைச் சுடுவது. தந்தத்துக்காகக் கொல்லப்பட்ட யானை, கால் முறிவது, கடைசியில் போர்க்களம். வலிக்கு மாத்திரை போடக்கூடாது என்பது அவனுக்கு மட்டும் விதி.

'விடுவிப்பு' என்று ஊரில் அடிக்கடி சொல்லும் சொல்லுக்குக் கொலை என்று பொருள் என்பது ஜோனஸுக்கு ஒருநாள் தெரியவருகிறது. அவர்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த கேப்ரியேல் என்ற குழந்தையையும் 'விடுவிக்க'ப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாக ஓடிவிடுகிறான்.

உங்கள் கைக்கு எப்படி வந்தது?

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்தாள். இரண்டு நாளில் முடித்துவிட்டு, நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள். "அம்மா, அந்தப் பையன் கடைசில செத்துட்டானா இல்லையா? நீ படிச்சுட்டுச் சொல்லு." சரி படிக்கிறேன் என்றேன், அவளை அனுப்பிவிடுவதற்காகத்தான். மறுநாள் பேருந்தில் கைப்பையைத் திறந்தால் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் புத்தகம்.

அந்த ஊர் உங்களுக்கு முதலில் பிடித்திருந்தது என்று சொன்னீர்களே?

ஆமாம், உண்மையாகவே பிடித்திருந்தது. கதவைப் பூட்டத் தேவையில்லாத ஊர். ஒவ்வொரு இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பம் உட்கார்ந்து, இன்று எனக்கு இது கோபம், இது பயம் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள், மற்றவர்கள் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் மூன்று பேர் மூன்று கைபேசி. பிள்ளை என்ன படிக்கும், என்ன வேலைக்குப் போகும் என்ற கவலையும் அந்தப் பெற்றோருக்குக் கிடையாது. ஐம்பது அறுபது பக்கம் வரை இப்படி ஒரு ஊர் இருந்தால் என்ன என்றுதான் எனக்கு இருந்தது.

பிறகு ஆஷர் விஷயம் வந்தது. ஜோனஸின் நண்பன். மூன்று வயதில் தின்பண்டம் கேட்கும்போது 'ஸ்நாக்' என்று சொல்லத் தெரியாமல் 'ஸ்மாக்' என்றுவிட்டான். ஆங்கிலத்தில் அதற்கு அடி என்று பொருள். அவன் கேட்டபடியே அடி கொடுத்தார்கள், ஒவ்வொரு முறையும். கொஞ்ச காலத்துக்குக் குழந்தை பேசுவதையே நிறுத்திவிட்டது. பல வருடம் கழித்து விழா மேடையில் அதை ஒரு வேடிக்கையாகச் சொல்கிறார்கள், ஊரே சிரிக்கிறது, ஆஷரும் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஊரின் மேல் எனக்கிருந்த பிடிப்பு போய்விட்டது.

பாதியில் புத்தகத்தை மூடிவிட்டீர்களாமே? எந்த இடத்தில்?

எல்லோரும் அந்தக் குழந்தைக் கொலையாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை, அதற்கு முன்பே மூடிவிட்டேன்.

ஜோனஸுக்குப் பத்து வருடம் முன்னால் அதே வேலைக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அது தோல்வியில் முடிந்தது. அவள் பெயரை அம்மா அப்பாவிடம் கேட்கிறான் ஜோனஸ். அதைச் சொல்லக் கூடாது, இனிப் பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் அந்தப் பெயர் வைக்கக்கூடாது என்கிறார்கள். இது ஒன்றரைப் பக்கம் கூட இருக்காது. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போயிருந்தது.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெயர் உண்டு. திருச்சி பக்கம் அப்பாவின் ஊர். தாத்தா பிள்ளைகள் பிறந்த நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். கல்லூரிக் காலத்தில் ஒருநாள் அதைப் புரட்டியபோது மூன்று பிள்ளைகளுக்கு எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்தது அத்தையும் அப்பாவும்தான். மூன்றாவது யார் என்று அப்பாவிடம் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று நோட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். அம்மாதான் பிறகு அடுப்படியில் மெதுவாகச் சொன்னாள். ஏழு வயதில் கிணற்றில் விழுந்துவிட்டான் உன் சித்தப்பா, 1969-இல், அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவன் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டார் என்று. சுவரில் ஒரு படம் கூட இல்லை. பேரப்பிள்ளைகள் ஆறு பேர், ஒருவருக்கும் அந்தப் பெயர் வைக்கவில்லை.

நாவலிலும் தண்ணீரில் விழுந்து இறந்துபோகும் ஒரு சிறுவன் வருகிறான், கேலப், நாலு வயது. ஊரே ஒருநாள் முழுக்க அவன் பெயரை முணுமுணுக்கிறது. நேரம் போகப் போகக் குரல் தணிந்து, சொல்லும் இடைவெளி கூடி, சாயங்காலம் பெயர் கரைந்துபோகிறது. பிறகு அதே பெற்றோருக்கு வேறொரு குழந்தையைத் தந்து அதற்கும் கேலப் என்றே பெயர் வைக்கிறார்கள். படிக்கையில் உடம்பு சில்லிட்டது. ஆனால் அவர்களாவது ஒருநாள் சொன்னார்கள்.

குழந்தையைக் கொல்லும் காட்சி பற்றிச் சொல்லுங்கள். பிள்ளைகள் படிக்கலாமா அதை?

முதலில் காட்சி. ஜோனஸின் அப்பா குழந்தைகளைப் பராமரிப்பவர், கதையிலேயே மென்மையான மனிதர். இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. ஒரே முகமாக இரண்டு பேர் ஊரில் இருக்கக்கூடாது. அவர் இரண்டையும் எடை போட்டுப் பார்த்து, எடை குறைந்ததின் நெற்றி நரம்பில் ஊசி போடுகிறார். குழந்தைகளிடம் பேசும் கொஞ்சல் குரலிலேயே பேசிக்கொண்டு போடுகிறார். கை கால் அசைவது நின்றதும் அட்டைப்பெட்டியில் வைத்துச் சுவரிலிருக்கும் குழாய் வழியே தள்ளிவிட்டு, போய்வா என்கிறார். ஜோனஸ் இதைப் பதிவுசெய்த படமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ரத்தம் ஒரு சொட்டு இல்லை. அவர் கெட்டவரும் இல்லை. செய்வது என்ன என்று உணரும் இடம் அவர் மனதில் காலியாக இருக்கிறது, ஏனென்றால் சாவின் நினைவு அவரிடம் இல்லை. ஊர் அதைக் கிழவரிடம் கொடுத்துவைத்திருக்கிறது. வலி தெரியாமல் வளர்க்க வேண்டும் என்று நினைத்து வளர்த்த மனிதர் எப்படி ஆவார் என்று இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

மகள் இங்கே ஒன்று கண்டுபிடித்திருந்தாள். அந்த ஊரில் சொல்லைச் சரியாகப் பயன்படுத்து என்று பிள்ளைகளைச் சதா திருத்துகிறார்கள். ரொம்பப் பசிக்கிறது, பட்டினியால் செத்துவிடுவேன் போலிருக்கிறது என்று சொன்னதற்குக் கூட ஜோனஸை ஒருமுறை தனியே அழைத்துத் திருத்தியிருக்கிறார்கள். "அவ்வளவு கரெக்டா பேசுறவங்க, கொல்றதுக்கு மட்டும் ஏம்மா ரிலீஸ்னு சொல்றாங்க?" என்றாள். பதிமூன்று வயதுப் பிள்ளை இதைக் கேட்கிறது என்றால் அது படிக்கலாம் என்பதுதான் என் பதில். பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். அமெரிக்காவிலேயே இந்தப் புத்தகத்தைப் பள்ளியிலிருந்து எடுக்கச் சொல்லிப் பெற்றோர் பலமுறை புகார் கொடுத்திருக்கிறார்கள். 1990-களில் அதிகம் எதிர்ப்பு வந்த புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலிலும் இது உண்டு. அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளை படித்துவிட்டுக் கேள்வியோடு வரும்போது வீட்டில் யாராவது இருந்தால் போதும்.

லோரி இதை எழுதக் காரணம் என்ன?

நியூபெரி பரிசு வாங்கும்போது அவர் ஆற்றிய உரையில் பல காரணங்களைச் சொல்கிறார். இரண்டு என் மனதில் நின்றன.

ஒன்று, ஜப்பான். அவருடைய அப்பா அமெரிக்க ராணுவத்தில் பல் மருத்துவர். இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு டோக்கியோவில் அமெரிக்கர்களுக்கென்றே கட்டிய வேலி சூழ்ந்த குடியிருப்பில் சிறுமியாக வாழ்ந்திருக்கிறார். உள்ளே எல்லாம் அமெரிக்கா மாதிரியே. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே ஷிபுயா பக்கம் கிளம்பிவிடுவாராம், அங்கிருந்த சத்தத்துக்கும் வாசனைக்கும். ஜோனஸ் தப்பி ஓடுவதும் சைக்கிளில்தான்.

இரண்டாவது, அவருடைய அப்பாவின் முதுமை. லோரிக்கு ஹெலன் என்று ஒரு அக்கா. புற்றுநோயில் இளவயதிலேயே இறந்துவிட்டார். அப்பாவுக்கு நினைவு மங்கத் தொடங்கிய பிறகு முதியோர் இல்லத்தில் போய்ப் பார்க்கும்போது, ஹெலனின் படத்தைக் காட்டி இது உன் அக்கா என்று சொல்கிறார், அவளுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் ஞாபகம் இல்லை. மகள் செத்த துக்கமே அவரிடம் இப்போது இல்லை. அது அவருக்கு ஆறுதல்தானே என்று லோரிக்குத் தோன்றியிருக்கிறது. உடனே, இப்படி மறப்பது பாதுகாப்பானதா என்ற கேள்வியும் வந்திருக்கிறது. நாவல் அங்கே முளைத்தது.

முதல் பதிப்பின் அட்டையில் தாடி வைத்த ஒரு கிழவர் இருப்பார். கார்ல் நெல்சன் என்ற ஓவியர், மேய்ன் மாநிலக் கரையோரத் தீவு ஒன்றில் தனியாக வாழ்ந்தவர். ஒரு பத்திரிகைக்காகப் பேட்டி எடுக்கப் போனபோது லோரியே எடுத்த படம் அது. நிறங்களோடு வாழ்ந்த அந்த மனிதர் பிற்காலத்தில் பார்வையை இழந்துவிட்டார்.

அன்பு என்ற சொல் வரும் பகுதியில் நீங்கள் அழுததாக மகள் சொல்கிறாளே?

அழுதேன். கிழவர் தனக்கு மிகவும் பிடித்த நினைவைத் தருகிறார். ஒரு வீடு, கணப்பில் நெருப்பு, விளக்குகள் மின்னும் மரம், பரிசு பிரிக்கும் பிள்ளைகள், ஓரமாக உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டி. அந்த ஊரில் தாத்தா பாட்டி என்ற உறவே கிடையாது. அந்த அறையிலிருந்த உணர்வுக்கு அன்பு என்று பெயர் என்கிறார். ஜோனஸ் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் என் மேல் அன்பு இருக்கிறதா என்று கேட்கிறான். இருவரும் சிரித்துவிட்டு, இது பொருளே இல்லாத பழைய சொல், என்னோடு இருப்பது சந்தோஷமா என்று கேள், அதற்குப் பதில் சொல்கிறோம் என்கிறார்கள். அன்றைக்கு ஜோனஸ் அவர்களிடம் முதல் பொய்யைச் சொல்கிறான், புரிகிறது என்று.

எங்கள் வீட்டிலும் அந்தச் சொல்லை யாரும் வாயால் சொன்னதில்லை. ஆனால் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அத்தை எங்களை மிரட்டிய மிரட்டல் ஞாபகம் வந்தது. "கிணத்துப் பக்கம் எவளாவது போனா காலை ஒடிச்சுப்புடுவேன்." என்ன இவ்வளவு முசுடு என்று பிள்ளைகள் எல்லோரும் அத்தையைத் திட்டுவோம். மதியம் ஊரே தூங்கும், அத்தை மட்டும் கிணற்றைப் பார்த்தபடி பின்வாசலில் உட்கார்ந்திருப்பாள். தம்பி விழுந்தபோது அவளுக்குப் பதினாலு வயது, அவன் கூட இருந்தது அவள். நாவலில் ஊர் மூத்தோர் மக்கள்தொகையைக் கூட்டலாமா என்று கிழவரிடம் வந்து கேட்பார்கள். வேண்டாம் என்பார் அவர், பசி எப்படியிருக்கும் என்று அவருக்கு மட்டும்தானே தெரியும். எங்கள் குடும்பத்தில் ஆறு பேரப்பிள்ளைகளும் கிணற்றடியில் பத்திரமாக வளர்ந்தது அத்தை ஒருத்தி மறக்காமல் இருந்ததால். ஆனால் அந்தக் கிழவருக்காவது கடைசியில் ஒரு ஜோனஸ் வந்தான்.

நாவலில் குறையே இல்லையா?

இருக்கிறது. நினைவு எப்படிக் கை வழியாக இறங்குகிறது, சுமப்பவர் எல்லையைத் தாண்டினால் அது ஏன் ஊருக்கே திரும்பிவிடுகிறது, நிறத்தை எப்படி எடுத்தார்கள் என்பதற்கெல்லாம் விளக்கம் இல்லை. அறிவியல் கதை தேடுபவர்கள் ஏமாறுவார்கள். எனக்கு அது உறுத்தவில்லை. உறுத்தியது வேறு. ஜோனஸுக்குப் பிடித்த ஃபியோனா முதியோரைக் கவனிக்கும் வேலைக்குப் போகிறாள். அங்கே அவளும் 'விடுவிப்பு' கற்றுக்கொள்கிறாள் என்று கிழவர் ஒரு வரியில் சொல்வதோடு அவள் கதை முடிகிறது. அவளுக்கு ஒரு அத்தியாயம் கொடுத்திருக்கலாம்.

ஜோனஸ் கடைசியில் பிழைத்தானா?

பசியிலும் குளிரிலும் துவண்டு, குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பனிமலை உச்சிக்கு வருகிறான். அங்கே ஒரு சறுக்குவண்டி இருக்கிறது, முதல் நினைவில் வந்த அதே வண்டி மாதிரி. ஏறிக் கீழே சறுக்குகிறான். தூரத்தில் வெளிச்சம், பாட்டு. பின்னால் விட்டுவந்த ஊரிலிருந்தும் பாட்டு கேட்பது போல் இருக்கிறது, அது எதிரொலியாகவும் இருக்கலாம் என்று முடிகிறது.

இந்த வரிசையில் மொத்தம் நான்கு நாவல்கள். 2004-இல் வந்த 'மெசஞ்சர்', 2012-இல் வந்த 'சன்' (மகன்) இரண்டையும் படித்தால் அவன் உயிரோடு இருப்பது தெரியும். ஆனால் இந்த ஒரு புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மகளோடு ஒரு வாரம் வாதாடினேன். அவன் பனியில் உறைந்து இறக்கும்போது கண்ட கனவு அது என்பது என் கட்சி. "கனவுன்னா பின்னாடி இருந்து பாட்டு ஏன் கேக்கணும்? அது அவனோட நினைவே இல்லையே, ஊர்க்காரங்களுக்குத் திரும்பிப் போச்சுல்ல, அவங்க பாடுறாங்க" என்றாள் அவள். எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இப்போது நானும் அவள் கட்சி.

படம் பார்க்கலாமா?

2014-இல் ஃபிலிப் நாய்ஸ் இயக்கத்தில் வந்தது. கிழவராக ஜெஃப் பிரிட்ஜஸ். கறுப்பு வெள்ளையில் தொடங்கி மெல்ல நிறம் ஏறுவது அழகு. ஜோனஸை வயதில் பெரிய பையனாக்கிவிட்டார்கள், அதில் பாதி போய்விட்டது. முதலில் புத்தகம்.

அப்புறம் அத்தையிடம் கேட்டீர்களா?

நான் கேட்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். அத்தை திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்த மகள் நேராகக் கேட்டுவிட்டாள். "அத்தைப்பாட்டி, கிணத்துல விழுந்த சின்னத் தாத்தா பேரு என்ன?"

எனக்கு உயிரே போய்விட்டது. அத்தையின் கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பெயரைச் சொன்னாள். இரண்டாவது தடவையும் சொன்னாள், முதல் தடவை குரல் சரியாக வரவில்லை என்பது போல. "இத்தனை வருசத்துல யாரும் கேக்கலையே கண்ணு" என்றாள்.

பிறகு பேசிக்கொண்டே இருந்தாள். அவனுக்கு ழ வராது, வாயப்பயம் என்பான். ராத்திரியில் இவள் தாவணி முனையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். அன்றைக்குத் துணி அலசிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் காணவில்லை. தாத்தா போன பிறகு கிணற்றுக்குக் கம்பிமூடி போட்டது இவள் வளையலை விற்றுத்தான், அதுவும் அன்றுதான் எங்களுக்குத் தெரியும். கடைக்குப் போனால் அவனுக்குக் கமர்கட்டு வேண்டும், இல்லையென்றால் நகர மாட்டான் என்றாள்.

அப்பா உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தோம். எழுந்து வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கமர்கட்டு இல்லக்கா. தேன்மிட்டாய்" என்றார். அப்புறம் திண்ணையில் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு கீரைக்கொத்தை எடுத்துக்கொண்டார்.